பேர் விழாத நாட்கள்

“அடுத்ததப் பெத்துக்கலாம், மனச விட்டுறாதீங்க” என்னும் ஆறுதல் மொழியை, மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். பச்சிளங் குழந்தையொன்று கண் மூடிவிட்டால், அல்லது மூடிவிடும் என்று தெரிந்துவிட்டால், லயத்து இஸ்தோப்பில் கூடுகின்ற மூத்த பெண்கள் தாயின் தோளைத் தொட்டுச் சொல்லுகின்ற வார்த்தை அது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில், என் மகள் பிறந்த இரண்டாம் நாள், அதனை என் தாயாரே என்னிடம் சொன்னார். நான் ஆத்திரமுற்றேன். எழுபது வயதுப் பெண்ணிடம் பேசத் தகாத வார்த்தைகளைத் தொலைபேசியில் பேசினேன். அந்த ஆத்திரம் தணிந்து அவ்வார்த்தையின் பொருள் எனக்கு விளங்குவதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் சென்றன.

கேள்வி இதுதான். சில நாட்களே வாழ்ந்த, பேர்கூட வைக்கப்படாத ஓர் உயிரை இழப்பது சிறிய இழப்பா? அது சிறிய இழப்பென்று ஏழைத் தாயொருத்தி சொல்லும்போது, அவள் அன்பிற் குறைந்தவளா, அல்லது ஞானத்தில் உயர்ந்தவளா? கற்றவர்கள் இரண்டு விடைகளையும் சொல்லி வந்திருக்கிறார்கள். கூலி சனங்களுக்கு உணர்ச்சி மரத்துவிட்டது என்பது பங்களாக்களின் விடை. பற்றறுத்த பக்குவம் என்பது பிரசங்க மேடைகளின் விடை. இரண்டும் பிழை என்பது என் துணிபு. ஆயினும் அப்படிச் சொல்லிவிடுவது எளிது. நான் அதனை அறிந்த வழி அத்தனை எளிதாக இருக்கவில்லை.

என் மகள் முப்பத்தொரு வாரங்களிற் பிறந்தாள். எடை 1,350 கிராம். நாங்கள் ஹற்றனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவின் பின்புறம் இரண்டு அறைகள் கூட்டிக் கட்டிய வீட்டில் வசிக்கின்றோம். நானும் மனைவியும் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்கள். பின்னிரவு இரண்டு மணிக்கு வலி கண்டது. ஜனவரிக் குளிர் எத்தகையதென்று மலைநாட்டாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நுவரெலியாவில் புல்லின் நுனி உறைபனியால் வெளுத்துப்போகும் மாதம் அது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். 2016இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட அந்த இலவச அம்புலன்ஸ் சேவை தார் வீதிவரை வந்தது. தார் வீதிவரை என் மனைவியை நாற்காலியில் வைத்து நால்வர் தூக்கிச் சென்றோம். என் தாயாரின் காலத்தில் இதே பாதையில் பிரசவப் பெண்கள் கொழுந்து லொறியில், சாக்குகளின் மேல் கிடந்து சென்றார்கள். லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தால், அது திரும்பும்வரை காத்திருந்தார்கள்.

விடியுமுன் குழந்தை பிறந்தது. அன்று பகலிலேயே, கண்ணாடிப் பெட்டியோடு அதனைக் கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கும் அந்த வீதியை நான் நூறு தடவை பயணித்திருப்பேன். அதில் இத்தனை வளைவுகள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முப்பத்தொரு வாரக் குழந்தை என்றால் என்னவென்று அங்கேதான் கற்றேன். தோலுக்கடியிற் போதிய கொழுப்பு இல்லை. ஆகவே உடற்சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள அதனால் இயலாது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று இசைத்துச் செய்யும் திறமை ஏறக்குறைய 34 வாரங்களுக்குப் பின்னரே கைகூடும். அதுவரை பால் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் செல்ல வேண்டும். நுரையீரலின் நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிப்போகாமற் காக்கின்ற மெல்லிய படலமும் போதாது. அந்தப் பொருளை மருந்தாக்கி நுரையீரலுக்குள் செலுத்தினார்கள். இவை யாவும் போக, இத்தகைய குழந்தை இடையிடையே மூச்சுவிடுவதையே மறந்துவிடும். இயந்திரம் கூவும். தாதி ஓடிவந்து உள்ளங்காலில் விரலால் மெல்லச் சுண்டுவார். குழந்தைக்கு மூச்சு ஞாபகம் வரும். முதல் வாரத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவை இது நிகழ்ந்தது. ஐந்தாம் நாள் இரத்தத்திற் கிருமி புகுந்துவிட்டதென்று சொன்னார்கள். அந்த மூன்று இரவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மூச்சை மறக்கும் நோய்க்குக் கொடுத்த மருந்து என்னவென்று விசாரித்தேன். கஃபீன் என்றார்கள். கோப்பியிலும் தேயிலையிலும் இருக்கின்ற அதே பொருள். எங்கள் மலைகளிற் காட்டை அழித்து முதலில் நட்டது கோப்பி. அது நோயால் அழிந்தபின் நட்டது தேயிலை. இரண்டின் சாரமும் என் மகளின் நரம்பிற் சொட்டிக்கொண்டிருந்தது. இதனை நான் சொன்னபோது, பக்கத்துக் குழந்தையின் தாய், மஸ்கெலியாப் பக்கத்துக் கொழுந்துக்காரப் பெண், “அப்ப நம்ம கொழுந்துதானா சேர்?” என்று கேட்டுச் சிரித்தாள். அந்த அறையில் அன்று கேட்ட ஒரே சிரிப்பு அது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிங்களத் தாதி ஒருவர் என்னைத் ‘தாத்தா’ என்று அழைப்பார். சிங்களத்தில் அது தந்தையைக் குறிக்கும். என் நரைத்த தலையையும் அந்த விளியையும் சேர்த்துப் பார்த்த ஒருவர், பேரப்பிள்ளைக்கு எப்படியிருக்கிறது என்று என்னிடம் பரிவோடு விசாரித்தார்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆந் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த குழந்தை. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், அதாவது என் மகளைவிட முக்கால் கிலோவுக்கு மேல் கூடுதல். நுரையீரலில் அந்தப் படலம் போதாத அதே நோய். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னர், 1959இல், மேரி எலன் ஏவரி என்ற பெண் வைத்தியர் நோயின் காரணத்தைக் கண்டறிந்திருந்தார், மருந்து கண்டறியப்படவில்லை. உலகத்தின் பெருஞ் செல்வமும் அதிகாரமும் அந்தத் தந்தையிடம் இருந்தன. பிள்ளை 39 மணித்தியாலங்களில் இறந்தது. ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற வைத்தியர் அம்மருந்தை வெற்றிகரமாகப் பயன்படுத்தியதை உலகுக்கு அறிவித்தது 1980இல்.

இந்த இரு மரணங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: 1963இல் வாஷிங்டன் மாளிகைக்குரிய பிள்ளையின் மரணம், இன்று மருந்து இருந்தும், பாதை இல்லாமலோ, பெட்டி இல்லாமலோ, சூடு இல்லாமலோ தோட்டமொன்றில் நிகழ்கின்ற மரணம். உடற்கூற்றின்படி இரண்டும் ஒன்றே. அறத்தின்படி ஒன்றல்ல. முதலாவதில் மனித அறிவு தன் எல்லையில் நின்று கையை விரித்தது. அத்தகைய மரணத்தின் முன்னே விதி என்ற சொல்லை ஒருவன் உச்சரித்தால் அவனை நான் கடிந்துகொள்ள மாட்டேன். இரண்டாவதில் அறிவு இருக்கின்றது. அது ஐம்பது மைலுக்கு அப்பால் பூட்டிய அலமாரியில் இருக்கின்றது. அங்கே விதி என்று சொல்பவன், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு கணக்கை மறைக்கின்றான்.

இந்தக் கணக்கை நம் நாடே மெய்ப்பித்துக் காட்டியிருக்கின்றது. 1946இல் இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஒரு வயது காணாமல் இறந்தன. அடுத்த ஆண்டே அத்தொகை 101 ஆயிற்று. மலேரியா ஒழிப்பும், இலவச வைத்தியமும், மருத்துவிச்சிமாரும் சேர்ந்து இன்று அதனைப் பத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. ஓராண்டுக்குள் நாற்பது குழந்தைகளின் விதி மாறிற்றென்றால், அது விதியாக இருந்திருக்க முடியாது. ஆனால் அந்த மாற்றம் மலைக்கு எப்போதும் பிந்தியே ஏறி வந்தது. 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி, வயதுக்குரிய உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டங்களில் 31.7.

மஸ்கெலியாப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடையது மூன்றாவது பிள்ளை. என் மகளுக்கு இரண்டு நாள் மூத்தது. எடையிலும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு பெட்டிகளும் அருகருகே இருந்தன. குழந்தைகளின் காலில் கட்டிய பட்டியில் பேர் கிடையாது. இன்ன தாயின் குழந்தை என்றே எழுதியிருந்தது. ஒன்பதாம் நாளிலிருந்து, இரண்டு தாய்மாரையும் தம் குழந்தைகளை வெற்று நெஞ்சோடு சேர்த்துத் துணியாற் கட்டிக்கொண்டு அமரும்படி வைத்தியர் பணித்தார். கங்காரு முறை என்பது இதற்குப் பெயர். 1978இல், கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகொட்டாவில், ஏழைப் பெண்களின் ஆஸ்பத்திரி ஒன்றில், எட்கார் ரேய் என்ற வைத்தியர் தொடங்கியது. அங்கே பெட்டிகள் போதவில்லை; ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தவே, ஒன்றின் கிருமி மற்றொன்றைக் கொன்றது. வேறு வழியின்றித் தாயின் நெஞ்சையே பெட்டியாக்கினார்கள். இல்லாமையிற் பிறந்த வைத்தியம் அது. ஆயினும் இல்லாதவர்களுக்கு மட்டும் உரிய வைத்தியம் அன்று. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார ஸ்தாபனம் நடத்தி, 2021இல் முடிவு வெளியான ஆராய்ச்சியில், பிறந்த உடனேயே தாயின் நெஞ்சிற் சேர்க்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 12 இறந்தன; நிலை தேறும்வரை பிரித்து வைக்கப்பட்டவற்றில் 15.7 இறந்தன. வேறுபாடு தெளிவாகத் தெரிந்தமையால், பிரித்து வைப்பது தகாதென்று ஆராய்ச்சியை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மின்சாரம் வேண்டாத, அந்நியச் செலாவணி வேண்டாத மருந்து. இதனை நான் பாடசாலை நண்பர் ஒருவரிடம் வியந்து கூறியபோது, அவர் ஐயத்தோடு பார்த்தார். “பணக்காரனுக்கு இயந்திரம், ஏழைக்கு நெஞ்சு! அரசாங்கம் கைகழுவ இதைவிட நல்ல வழி உண்டா?” என்றார். ஆராய்ச்சியைக் காட்டி அவருக்கு விடை சொன்னேன். ஆனால் அவருடைய கேள்வி வேறோர் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த நெஞ்சு யாருடையது? அது நாளொன்றுக்குப் பல மணித்தியாலம், வாரக்கணக்கில், வேறெதுவும் செய்யாமல் ஒரே இடத்தில் சாய்ந்திருக்க வேண்டும். அந்த மணித்தியாலங்களுக்கு யார் விலை கொடுக்கின்றார்கள்?

எங்கள் தோட்டத்துத் தமிழில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டாவது பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலை செக்ரோலிற் பதியப்படுவதைப் பேர் விழுதல் என்போம். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அன்று ஒரு முழுப் பேரின் விலை 1,000 ரூபா. இருபது பேர் விழுந்தது என்றால் இருபது நாள் சம்பளம். ஒருவனுடைய நாள், அவன் பேராக விழுந்தால்தான் நாள்; விழாவிட்டால் அது நாளே அன்று. நெஞ்சோடு பிள்ளையைக் கட்டிக்கொண்டிருக்கின்ற நாள் எந்தச் செக்ரோலில் விழும்?

சட்டம் இருக்கின்றதே என்பீர்கள். இருக்கின்றது. தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு 84 நாள் பிரசவ விடுமுறை. என் மனைவிக்கும் 84 நாள்தான். ஆனால் அரசாங்க ஆசிரியையின் 84 நாள்களில் சனி, ஞாயிறும் விடுமுறை தினங்களும் சேரா. அதன் பின் அரைச் சம்பளத்தில் இன்னுமொரு 84 நாள் எடுக்கலாம். கொழுந்துக்காரப் பெண்ணின் 84 நாள்கள் பஞ்சாங்கத்து நாள்கள். பன்னிரண்டு வாரத்தோடு தீர்ந்தன. என் மகள் ஆஸ்பத்திரியில் இருந்தது 42 நாள். மஸ்கெலியாப் பெண்ணின் பிள்ளைக்கும் அவ்வளவு நாள் தேவைப்பட்டிருந்தால், வீட்டுக்குப் போகும்போது அவளுடைய விடுமுறையிற் பாதி கழிந்திருக்கும். நிறைமாதத்தில் இன்னும் பிறந்தேயிராத பிள்ளைக்கு! தகப்பனுக்கு அரசாங்கத்தில் மூன்று நாள் உண்டு. தோட்டத்தில் அதுவும் இல்லை. அவள் கணவன் ஞாயிறுதோறும் மட்டும் வந்தான். கதவுக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, பஸ் தவறிவிடுமென்று மூன்று மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுவான்.

மூத்த பிள்ளைகள் இரண்டையும் அவளுடைய மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் செய்தி வந்தது. இருபத்தாறாம் நாள், வைத்தியர் வேண்டாமென்று சொல்லியும், தன் பொறுப்பிற் கொண்டு போவதாக அவள் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். குழந்தை அப்போது 1,600 கிராம் இருக்கும். தாதிமார் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் அழுதார். “புள்ள மேல பாசமில்லாத சனம்” என்று வாசலில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. அதனை இங்கே எழுதிவிடுவதே நியாயம். என் சம்பளம் மாதம் தவறாமல் வங்கிக்கு வந்துகொண்டிருந்தது. அப்படியிருக்க, அந்தக் கணத்தில் நானும் ஏறக்குறைய அவ்வாறே நினைத்தேன்.

‘பாசமில்லாத சனம்’ என்ற தீர்ப்பு நமக்கு மட்டும் வழங்கப்பட்டதன்று. பிரேசில் நாட்டின் வடகிழக்கில், கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடியேறிய மலைச்சேரி ஒன்றைப் பற்றி, நான்ஸி ஷெப்பர் ஹியூஸ் என்ற மானிடவியல் அறிஞர் 1992இல் ஒரு பெரிய நூல் எழுதினார். பலவீனமாகப் பிறந்த குழந்தை பிழைக்காதென்று முடிவு கட்டி, அதன்மேல் ஆசை வைக்காமல் ஒதுங்கிக்கொள்ளும் தாய்மாரை அங்கே அவர் கண்டார். குழந்தை இறந்தாற் கண்ணீர் விடக் கூடாது, அது தேவதையாகிப் பறக்கும்போது சிறகு நனைந்துவிடும் என்பது அவர்களிடையே வழங்கிய சொல். தாயன்பு என்பது எங்கும் எக்காலத்தும் ஒன்றே என்று நம்பியவர்களை அந்நூல் அதிரச் செய்தது. கற்றறிந்தோர் பலர் அவரைக் கண்டித்தனர். தாயன்பை அவமதித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

நானும் அந்த நூலைப் பற்றி முதலிற் படித்தபோது முகஞ்சுளித்தவன்தான். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. இருபது வருடங்களுக்குப் பின்னர் அதே ஆசிரியர் அதே சேரியைப் பற்றி மீண்டும் எழுதினார். இடையில் அங்கே நல்ல குடிநீர் வந்திருந்தது. வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர் வந்திருந்தனர். ஏழைத் தாய்மார் கைக்கு அரசாங்க உதவிப் பணம் சென்றது. குழந்தைகள் சாவது அரிதாயிற்று. தேவதைக் குழந்தைகள் என்ற பேச்சே மறைந்து, பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் பிழைக்கும் என்று எதிர்பார்த்து, பிழைக்காவிட்டால் வாய்விட்டு அழுகின்ற தாய்மார் அங்கே தோன்றிவிட்டார்கள். மனித சுபாவம் இருபது வருடத்தில் மாறுமா? மாறாது. மாறியது குடிநீர்க் குழாய்.

இனி என் வீட்டுக்கு வருகின்றேன். நாற்பத்திரண்டாம் நாள், 1,900 கிராம் எடையோடு மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரவும் பகலும் நெஞ்சிலேயே வைத்திருக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியிற் சொல்லியனுப்பினார்கள். என் மனைவி, நான் என்று இருவரும் முறை வைத்துக்கொண்டோம். பெப்ரவரி இறுதியின் குளிர். என் தாயார் முதல் மூன்று நாள் பிள்ளையைத் தொடவில்லை. அடுப்பை எரித்துக்கொண்டே இருந்தார், வெந்நீர் வைத்தார், துணி காயவைத்தார், பிள்ளையிருக்கும் பக்கம் திரும்பவில்லை. ஜனவரியிற் பேசிய வார்த்தைகளை அவரும் மறக்கவில்லை என்றே எண்ணிக்கொண்டேன்.

நான்காம் இரவு, என் முறை. இரண்டு மணிக்கு எனக்குத் தலை சாய்ந்துவிட்டது. விழித்தபோது தாயார் எதிரே நின்றார். “குடு” என்றார். கம்பளிக்குள் தன் சேலையைத் தளர்த்தி, பிள்ளையை வாங்கி, எனக்கு யாரும் ஆறு வாரமாகக் கற்பித்தும் சரியாக வராத அந்தப் படியிலே, தலையை ஒரு புறம் சரித்து, தவளைக் கால் மடித்து, நெஞ்சோடு கட்டிக்கொண்டார். யார் காட்டித் தந்தது என்று கேட்டேன்.

“காட்டித் தரணுமா?” என்றார். பிறகு சொன்னார்.

1974இல் அவருக்கு முதற் பிள்ளை. அது பஞ்ச காலம். அரிசியும் மாவும் குறைந்து தோட்டங்களிற் சாவு மலிந்த காலம். குறைமாதத்திற் பிறந்த ஆண்பிள்ளை. இது போலவே கையளவு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை, அனுப்பினாலும் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சிலிருந்து இறக்கினாற் பிள்ளை சில்லிட்டுப் போவதை அவர் தாமாகவே கண்டுகொண்டார். ஆகவே இறக்கவில்லை. இருபத்தொன்பது நாள், இரவும் பகலும். பால் பீய்ச்சித் துணித்திரியால் நாக்கில் வைத்தார். பிள்ளை முகம் தெளியத் தொடங்கிற்று.

“முப்பது கழிஞ்சுச்சு. பெரட்டுக்குக் கூப்பிட்டாங்க. பேர் விழலன்னா அடுப்பு எரியாது. எறக்கி வச்சேன்.”

பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறினார். பத்தாம் நாள் அது இறந்தது. அன்று கூடிய பெண்கள் தோளைத் தொட்டு, அடுத்ததைப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களும் இறக்கி வைத்தவர்கள்.

1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் கொடுக்க வேண்டுமென்றும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தகுந்த போஷாக்குக் கிடைக்கச் செய்ய வேண்டுமென்றும் தோட்டத் துரைமார் மீது கடமை விதித்திருந்தது. முப்பத்தோராம் நாள் தாய் மலையில் நின்றால், அந்தப் போஷாக்கு எந்த நெஞ்சிலிருந்து வரும் என்று கேட்க, அச்சட்டத்தை எழுதிய மேசையைச் சுற்றி எங்களவர் ஒருவரும் இருக்கவில்லை. 1948க்குப் பின் வாக்குரிமையும் பறிபோனமையால், அப்படி ஒருவரை அனுப்பி வைக்கவும் நெடுங்காலம் வழியில்லை. என் அண்ணனாக இருந்திருக்க வேண்டிய அந்தப் பிள்ளை, நாடற்றவர்களுக்குப் பிறந்து, பேர் வைக்கப்படாமலே போயிற்று. நாற்பது நாள் உயிரோடிருந்த மனிதன். அவனுக்கு ஐம்பது வருடமாக என் தாயார் துக்கம் காத்து வந்திருக்கின்றார், எனக்குத் தெரியாது.

ஆகவே ஜனவரியில் அவர் எனக்குச் சொன்ன வார்த்தையை இப்போது வேறு விதமாகக் கேட்கின்றேன். அது மரத்துப்போன நெஞ்சின் வார்த்தையன்று, துறவியின் வார்த்தையுமன்று. நம்பிக்கை வைப்பதற்கும் வசதி வேண்டும். பிழைக்கும் என்று நம்பி நெஞ்சில் ஏற்றி, பேர் விழவேண்டும் என்பதற்காக இறக்கி வைத்து, சாகக் கண்டவர்கள், அந்த வேதனையை மகன் படக்கூடாதென்று முன்கூட்டியே ஒரு வேலி போட்டார்கள். அம்புலன்ஸும் மருந்தும் பெட்டியும் 42 நாளும் அந்த வேலியை விலக்கியபின், அதே பெண் பின்னிரவில் எழுந்து வந்து “குடு” என்கிறார். அன்பு அவரிடம் எப்போதும் இருந்தது. அதைச் செலவிட நாள்கள்தான் இருக்கவில்லை.

நம் இயக்கத்து நண்பர்கள் சிலர், சம்பளம், நிலம், வீடு என்பவற்றையே போராட்டத்துக்குரிய விஷயங்களாகவும், பிள்ளை வளர்ப்பதைப் பெண்களின் தனி விஷயமாகவும் கருதுகின்றனர். சம்பளக் கோரிக்கைகளைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள்களை 84இற் சேர்க்காதே என்று ஒரு கோரிக்கையை எந்தக் கூட்டத்திலும் நான் எழுப்பியதில்லை. பிறர் எழுப்பக் கேட்டதுமில்லை. தோட்டக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் ஆண்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அன்பை நாம் இலவசமென்று நினைத்துவிட்டது.

என் மகளுக்கு ஐந்து மாதமானபோது, எங்கள் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியின் சிகிச்சை நாளில், மஸ்கெலியாப் பெண்ணைக் கண்டேன். பிள்ளை பிழைத்திருந்தது. குடும்பநல மருத்துவிச்சி வாரந்தோறும் லயத்துக்கு வந்து போனதாகச் சொன்னாள். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளையைப் பகலிற் பிள்ளைக் காம்பராவில் விடுகிறாள். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பேர். அன்றைக்கு வந்ததால் அரைப் பேரும் இல்லை என்றாள். வளர்ச்சி அட்டையை என்னிடம் காட்டினாள். புள்ளிகள் சிவப்புக் கோட்டை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தன.

“ஒங்க புள்ள எத்தன கிலோ சேர்?” என்று கேட்டாள்.

நான் அரைக் கிலோ குறைத்துச் சொன்னேன்.

அவள் தன் பிள்ளையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, என் மகளை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தாள். பதினைந்து வருடமாகக் கொழுந்தின் பாரத்தைக் கையாலேயே மதிப்பிட்டு வருகின்ற பெண். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள்.